ஒரு வினைச்சொல்லும் ஒரு பலாப்பழமும்

நெய்வேலி நகரியம்,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் பெருமதிப்பிற்குரிய மச்சான், ரயில்வே முன்னாள் தலைமை டிக்கெட் பரிசோதகர், கோவில்பட்டி திரு. ராமலிங்கம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை தனபாக்கியத்தின் வீட்டுக்காரன் சிங்காரவேலு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே தாங்களும் அக்கா மாணிக்கம்மாளும் மருமகன் மணிமாறனும் சுகமா என்று கேட்பது முறை. ஆனால் போன வாரம் தாங்கள் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிய கோலத்தை நினைத்தால் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது எதுவும் வந்து சேரவில்லை. "மாமா உங்களை பிளாக் பண்ணிட்டாருப்பா" என்று மகள் தேவயானி சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து நெய்வேலி குவார்ட்டர்ஸ் பிளாக்கிலேயே குடியிருக்கிறவன் நான், இதற்கெல்லாம் வருத்தப்பட மாட்டேன். ஆகவே பேனாவை எடுத்துவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சத்தியம் செய்து சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்ததில் யாருக்கும் எந்த உள்நோக்கமும் கிடையாது. தாங்கள் பண்ருட்டிக்குப் போனது, அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்தது, தாங்கள் இல்லாமலே பேச்சு முடிந்தது, கடைசியில் பையனின் தாயார் தங்களைப் பலாப்பழக்காரர் என்று நினைத்து விலை கேட்டது, எல்லாமே எங்கள் ஊரில் நேரம் சொல்லும் முறையால் வந்த கோளாறு. அதை விளக்கமாக எழுதிவிட்டால் தங்கள் மனம் ஆறும் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கடிதம்.

நம் தேவயானிக்குப் புனேயில் உடன் வேலை பார்க்கும் அமோல் என்ற மராத்திப் பையனைப் பிடித்துப்போய், அவனுடைய தாயார் சுனந்தா அம்மாள் பெண் கேட்டு நம் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடானது தாங்கள் அறிந்ததே. அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. தனபாக்கியத்துக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. எனக்கோ இங்கிலீஷ் என்றால் மெஷின்களின் பெயரும் அதிகாரிகள் திட்டும் வார்த்தைகளும்தான் தெரியும். அதனால்தான் தாங்கள் வந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தங்களைப் போலப் பேச யாரால் முடியும்? நாடு முழுக்க ரயிலில் போய் வந்தவர். என் பெண் பார்க்கும் படலத்திலேயே அதைப் பார்த்தவன் நான். எங்கள் அப்பா ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள், "எந்தங்கச்சிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை வந்து, ஆர்டரும் வந்துட்டு. நாங்க அனுப்பலையே! அவ வீட்டுக்கு ஏத்த பொண்ணு" என்று தாங்கள் கணீரென்று சொன்னதும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் தலையாட்டியதும் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. போன வருஷம் மதுரைக்காரர்கள் தேவயானியைப் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். அவர்கள் கேட்காமலேயே, "பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுரும், அதுல நீங்க கவலையே பட வேண்டாம்" என்று தாராளமாகச் சொல்லிவிட்டீர்கள். தேவயானி அந்த இடமே வேண்டாம் என்று புனேவுக்குப் போய்விட்டாள். தனபாக்கியம் ஒன்றுமே சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நான் பயப்பட வேண்டும். ஆனால் எனக்கு எதுவுமே தாமதமாகத்தான் உறைக்கும் என்பது தாங்கள் அறிந்ததுதானே.

சுனந்தா அம்மாள் வருவது உறுதியான அன்றைக்கு, தனபாக்கியம் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "இந்தத் தடவை நானே பேசுறேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். கல்யாணத்துக்கு அப்புறம் எம்பொண்ணு வேலைக்குப் போவாளா மாட்டாளா? அதை அந்தம்மா தன் வாயால எங்கிட்ட சொல்லணும்." பெண்ணும் பையனும் பக்கத்தில் இருப்பார்கள், அவர்களே மொழிபெயர்க்கலாமே என்றேன். "கட்டிக்கப் போறவங்களே நடுவுல நின்னா, அவங்களுக்கு வேண்டியதைத்தான் சொல்லுவாங்க. நீங்க மட்டும் சார்ஜை வழியில போறவங்ககிட்ட சொல்லி அனுப்புவீங்களா?" என்றாள். எங்கள் மைன்ஸில் கரி ஏற்றிக்கொண்டு பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷிப்ட் மாறும். அடுத்த ஷிப்ட் ஆளை ரிலீவர் என்போம். அவர் நேரில் வந்து நிற்க வேண்டும். எது ஒழுங்காக ஓடுகிறது, எது மக்கர் செய்கிறது என்று நான் சொல்ல வேண்டும், அதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் சார்ஜ் கொடுப்பது. அதற்கு முன்னால் நான் இடத்தை விட்டு நகர முடியாது. காலமெல்லாம் நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் புலம்பியதை இவள் இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பக்கத்து குவார்ட்டர்ஸ் மரியசெல்வி டீச்சரைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள், மாதா படம் ஒட்டிய ஸ்கூட்டி வைத்திருப்பவர். கடலூர்ப் பக்கம் சொந்த ஊர், இங்கே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிறார். தனபாக்கியம் நேராக அவரிடம் போய் நின்றாள். அவர் சொன்ன யோசனைக்கு நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன். "அக்கா, நூறு வார்த்தைய அரகொறையா வாயில போட்டுகினு முழிக்கிறதுக்கு, ஒரே ஒரு வார்த்தைய எடுத்துகினு முழுசா ஓட்டிப் பழகுங்க. உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டார். "வேலை" என்றாள் இவள். "வொர்க்கா? தங்கமான வார்த்தைக்கா. சொன்ன பேச்சு கேக்கும். சிலதெல்லாம் நேத்துக்கு ஒரு மூஞ்சி, இன்னைக்கு ஒரு மூஞ்சின்னு மாத்திகினே இருக்கும். இது எங்க போட்டாலும் அதே ஆளுதான், வாலுல மட்டும் கொஞ்சம் ஒட்டிகினு வரும்" என்றார். ஆக, ஐ வொர்க், ஷி வொர்க்ஸ், ஐ வொர்க்டு, ஐ வில் வொர்க், ஐ ஆம் வொர்க்கிங் என்று எங்கள் வீட்டில் பாராயணம் ஆரம்பமானது. முதலில் அவளுக்கும் தலை சுற்றியது. ஒரு வேலையைச் செய்வதற்கு இங்கிலீஷ்காரனுக்கு எதற்கு இத்தனை வழி, செய்தோமா இல்லையா என்று சொன்னால் போதாதா என்று கோபப்பட்டாள். தேய்க்க எடுத்த பாத்திரத்தைத் தொப்பென்று போட்டாள். நான் சந்தோஷப்பட்டேன், பாடம் நின்றுவிடும் என்று.

அப்போதுதான் மச்சான், அது நடந்தது. நான் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். டிபன் கேரியரை மூடியபடியே அவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க, இது உங்க ஷிப்ட்தானே? முடிஞ்சுபோன ஷிப்ட், ஓடிக்கிட்டிருக்கிற ஷிப்ட், இனிமே வரப்போற ஷிப்ட். ஆளு ஒருத்தர்தான், எந்த ஷிப்ட்ல போடுறோமோ அதுக்கு ஏத்த மாதிரி சட்டை மாட்டிக்குது" என்றாள். நான் சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் செருப்பைத் தேடினேன். அவள் விடவில்லை. "டீச்சர் 'ஹேவ் வொர்க்டு'ன்னு ஒண்ணு சொன்னாங்க, புரியலை. இப்பப் புரியுது. ரிலீவர் வந்தாச்சு, நீங்க இறங்கியாச்சு, ஆனா கையில கிரீஸ் இன்னும் போகலை. அதான் ஹேவ் வொர்க்டு. கையைக் கழுவிட்டா வெறும் வொர்க்டு." எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தேன். அப்படியானால் அந்த 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்ன என்றேன். யோசிக்கவே இல்லை. "அது ஓ.டி. காலையில ஏறினீங்க, ரிலீவர் வரலை, இன்னும் இறங்கலை." அப்படியானால் 'வில் ஹேவ் வொர்க்டு'? இதற்கு மட்டும் கொஞ்சம் தாமதித்தாள். கேரியரை என் கையில் கொடுத்துவிட்டு, "தை மாசம் ரிட்டயர் ஆகப் போறீங்கல்ல, அன்னைக்கு நீங்க வேலை செஞ்சு முடிச்சிருப்பீங்க" என்றாள். எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அசோக்குமார், "என்ன சார், வீட்ல சண்டையா?" என்று கேட்டான். இல்லைப்பா, இலக்கணம் என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கள் தங்கை மாதிரி ஒரு மூளையை நான் இத்தனை காலம் சாம்பார் வைக்க மட்டும் விட்டிருக்கிறேனே என்று, ஷிப்ட் முடியும்வரை பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, கவனிக்க ஆளில்லை, ஆள் கடந்த காலத்தில் இருந்தாள். மிக்ஸி நின்றுபோய், அதைப் பழுது பார்க்க சுதாகர் வந்தான். ஓடுதா ஓடலையா என்று அவன் கேட்டதற்கு, "நேத்து வொர்க்டு. இப்ப நாட் வொர்க்கிங். நீ கை வச்சா வில் வொர்க்" என்று பதில் வந்தது. அவன் மிக்ஸியை விட்டுவிட்டு என்னிடம் வந்து, "சார், அக்கா மைன்ஸ்ல ஜாயின் பண்ணிட்டாங்களா?" என்று மெதுவாக விசாரித்தான். முருகன் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய நின்றிருக்கிறாள். பக்கத்து பிளாக் திலகவதி அது ஏதோ புது மந்திரம் என்று நினைத்து, தன் மகனுக்கு வேலை கிடைக்க அதைத் தனக்கும் சொல்லிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இவளும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மாள் இப்போது தினமும் விளக்கேற்றி வைத்து 'ஹி வில் வொர்க்' சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. இதெல்லாம் கூடப் பரவாயில்லை மச்சான். எனக்கு செகண்ட் ஷிப்ட் வாரத்தில் ஒரு நாள் விடியுமுன் என்னை உலுக்கி எழுப்பி, குளிப்பாட்டாத குறையாகக் கிளப்பி, கேரியரோடு அனுப்பிவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் போய் நின்ற பிறகுதான் எனக்கே நினைவு வந்தது, ஃபர்ஸ்ட் ஷிப்ட் எனக்கு அடுத்த வாரம்தான். திரும்பி வந்து கேட்டேன். "நான் அடுத்த வாரத்தை ஓட்டிப் பார்த்துக்கிட்டிருந்தேன், அப்படியே எழுப்பிட்டேன்" என்றாள். என்ன திட்டுவது? சிரித்துவிட்டேன்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். தாங்கள் வெள்ளியன்றே விருத்தாசலத்தில் இறங்கி வந்துவிட்டீர்கள். காலையில் இட்லி சாப்பிடும்போதே, "மாப்ளே, நீரு சும்மா உக்காந்திரும், நான் பேசிக்கிடுதேன். நான் பேசுத இங்கிலீசுல அந்தம்மா அசந்துபோயிரணும்" என்று எனக்குத் தைரியம் சொன்னீர்கள். எனக்கு உள்ளபடியே நிம்மதியாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எப்போது வருகிறார்கள் என்று தாங்கள் கேட்டீர்கள். "ஃபர்ஸ்ட் ஷிப்ட் விட்டு வருவாங்கண்ணே" என்றாள் தனபாக்கியம். இங்கேதான் கோளாறு. எங்கள் ஊரில் இது மத்தியானம் இரண்டு மணி. தாங்கள் ரயில் நேரத்துக்குப் பழகியவர், அதைப் பொதுவாக வேலை விட்டு என்று எடுத்துக்கொண்டு, சாயங்காலம்தானே என்றீர்கள். அவளும் பேச்சுவாக்கில், "பண்ருட்டியில நீங்க தட்டிப் பார்த்து எடுத்தாத்தான் பலாப்பழம் சரியா இருக்கும். அப்படியே நல்ல முந்திரியும் பார்த்து வாங்கிட்டு வந்துடுங்கண்ணே" என்றாள். தாங்களும் பெருமையாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். இதில் யாரைக் குற்றம் சொல்ல முடியும்? எங்கள் சம்பந்தி அம்மாளுக்கு மட்டும் அந்த நேரக் கணக்கு எப்படிப் பிடிபட்டது என்றுதானே கேட்கப் போகிறீர்கள். அங்கேதான் இருக்கிறது விஷயம்.

சரியாக இரண்டு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. தாங்கள் வரவில்லை. போன் அடித்தால் பஸ்ஸில் ஒன்பது பேர் பாட்டு கேட்கும் சத்தம்தான் வந்தது. சுனந்தா அம்மாள் ஒல்லியான மனுஷி, பச்சைப் பருத்திப் புடவை, கையில் ஒரு பெரிய டப்பா நிறைய லட்டு. உட்கார்ந்தார். தனபாக்கியம் எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். சிரிப்பும் எவ்வளவு நேரம்தான் தாங்கும்? அமோல் வாயைத் திறந்தான். தனபாக்கியம் தேவயானியைப் பார்த்தாள், தேவயானி அவன் முழங்கையில் இடித்தாள், அவன் வாயை மூடிக்கொண்டான். நான் தொண்டையைக் கனைத்தேன். அந்தப் பார்வை என் பக்கமும் திரும்பியது.

பிறகு தங்கள் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்து, என்னைக் கை காட்டி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "மை ஹஸ்பெண்ட் வொர்க்ஸ். மைன்ஸ். நெக்ஸ்ட் வீக், நைட் ஷிப்ட், வில் வொர்க்." அவ்வளவுதான் மச்சான். அந்த அம்மாளின் முகத்தில் பல்பு போட்டது போல ஆகிவிட்டது. "மைன்ஸ்! மை ஹஸ்பெண்ட், மைன்ஸ்! ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட்!" என்று விரலை மடக்கிச் சொன்னார். சந்திரப்பூர்ப் பக்கம் நிலக்கரிச் சுரங்கமாம் அவர்கள் ஊர். அங்கேயும் குவார்ட்டர்ஸ், அங்கேயும் சங்கு, அங்கேயும் நேரம் என்றால் ஷிப்ட்தான். அதற்கு மேல் சொல்ல அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. காற்றில் கையால் துழாவினார். தனபாக்கியம் மெதுவாக, "வொர்க்ஸ்?" என்று எடுத்துக் கொடுத்தாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். "வொர்க்டு?" என்றாள் இவள். "வொர்க்டு" என்றார் அவர், கண்ணை மேலே தூக்கிக் காட்டிவிட்டு. அந்த ஒரு சொல்லில் அந்த மனிதர் இப்போது இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பத்துப் பேர் கூடித் துக்கம் விசாரித்தாலும் அவ்வளவு மரியாதையாக இருந்திருக்காது. தனபாக்கியம் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. அந்த அம்மாளும் சும்மா வரவில்லை! இங்கே என்ன பேசுவது என்று பயந்து, மகனை உட்கார வைத்து அவரும் ஒரே ஒரு வார்த்தையைப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார். இவள் கையில் 'வொர்க்' என்றால், அவர் கையில் 'குக்'. "நைட் ஷிப்ட், ஐ குக்டு. ஃபர்ஸ்ட் ஷிப்ட், ஐ குக்டு. ஹஸ்பெண்ட் ஸ்லீப், ஐ குக்டு" என்றார். தங்கள் தங்கை ஒரு விநாடி அந்த வார்த்தையை உற்றுப் பார்த்தாள். கடையில் கத்திரிக்காயைப் புரட்டிப் பார்ப்பாளே, அது போல. பிறகு, "ஐ ஆல்சோ குக்டு. ஐ ஆம் குக்கிங். ஐ ஹேவ் பீன் குக்கிங்!" என்று ஒரே மூச்சில் ஓட்டிவிட்டாள். பழகாத வார்த்தை மச்சான்! ஒரு ஆளைப் பழக்கியதும் அதே ஷிப்ட் ரோஸ்டரில் அடுத்த ஆளையும் போட்டு ஓட்டிவிட்டாள். அந்த 'ஹேவ் பீன்' காதில் விழுந்ததும் சுனந்தா அம்மாள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அது ஓ.டி. என்பது அவருக்கும் விளங்கிவிட்டது போலிருக்கிறது. அதுவும் எங்கே, ரிலீவரே வராத ஓ.டி.

சிரித்து முடித்ததும் தனபாக்கியம் முந்தானையைச் சரி செய்துகொண்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது, இப்போது கேட்கப் போகிறாள். "ஆஃப்டர் மேரேஜ்," என்று ஆரம்பித்து, "மை டாட்டர்... வில் வொர்க்?" என்று கேட்டாள். சுனந்தா அம்மாள் முதலில் தேவயானியைப் பார்த்தார். அப்புறம் மகனைப் பார்த்தார். அப்புறம் தனபாக்கியத்தின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு சொன்னார்: "யுவர் டாட்டர் வொர்க்ஸ். யுவர் டாட்டர் வில் வொர்க்." இவள் வார்த்தையையே வாங்கி இவளுக்கே திருப்பிச் சொல்லிவிட்டார், சார்ஜ் எடுக்கிற ஆள் சொல்வது போல. அதோடு விடவில்லை. விரலை நீட்டி மகனைக் காட்டி, "மை சன் வில் குக்" என்றார்.

அமோல் முழித்த முழியைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். தேவயானி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. தங்கள் தங்கை மட்டும் ஒரு பெரிய மூச்சு விட்டு, காபி கலக்க உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்பைப் பற்ற வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். "கேட்டுட்டேன்ல?" என்றாள். "கேட்டுட்டே" என்றேன். அவளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்ற வேண்டும் போல இருந்தது. சம்பந்தி வீட்டார் கூடத்தில் இருந்ததால் சர்க்கரை டப்பாவை எடுத்துக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

காபி குடித்து, வெற்றிலை பாக்கும் போட்டு, எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தாங்கள் வந்தீர்கள். தோளில் அவ்வளவு பெரிய பலாப்பழம். சட்டையெல்லாம் வியர்வை, கையில் பால் பிசின், தலையில் துண்டு. வாசலில் நின்று மூச்சு வாங்கினீர்கள். சுனந்தா அம்மாள் நல்ல மனதோடுதான் எழுந்து வந்தார். பழத்தைத் தட்டிப் பார்த்து, "ஹவ் மச்?" என்று தங்களையே கேட்டார். தாங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். தனபாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றதை எழுத எனக்குத் தெம்பில்லை. பழத்தைத் தொப்பென்று வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு தாங்கள் போனபோது, அமோல் பின்னாலேயே ஓடிவந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவனையும் ஆசீர்வாதம் செய்யாமல் போய்விட்டீர்கள். நல்ல பையன் மச்சான். பழத்தை அவன்தான் அரிவாள்மணையில் நறுக்கினான். சுளை ஒவ்வொன்றும் தேன். தங்கள் கைராசியை எல்லோரும் புகழ்ந்தார்கள். தாங்கள்தான் தாய்மாமன் என்று சொன்னதும் அந்த அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு வருந்தினார்.

ஆகவே என் தாழ்மையான வேண்டுகோள் இதுதான். கோபத்தை மறந்து, ஆவணியில் நடக்கும் நிச்சயதார்த்தத்துக்குக் குடும்பத்தோடு முன்கூட்டியே வந்துவிட வேண்டும். நடந்தது வெறும் நேரக் குழப்பம், தங்களை யாரும் ஒதுக்கவில்லை. அன்றைக்கு இரண்டு பக்கத்துக்கும் தாங்களே இங்கிலீஷில் பேச வேண்டும், அதில் ஒருவரும் குறுக்கே வர மாட்டார்கள். தனபாக்கியத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். அவள் கற்றது இந்த ஒரு காரியத்துக்காகத்தான். காரியம் முடிந்துவிட்டது, வார்த்தையை மடித்துப் பரணில் வைத்துவிட்டாள். இனி அவள் பாட்டுக்கு அடுப்படி, நான் பாட்டுக்கு ஷிப்ட், எல்லாம் பழையபடிதான். தங்கள் தங்கை கொஞ்சமும் மாறவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். மணிமாறனுக்கு என் ஆசிகள், அவனுக்குச் சீக்கிரமே நல்ல இடம் அமைய எங்கள் முருகனை வேண்டிக்கொள்கிறேன். எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரியட்டும், எல்லோருக்கும் ரிலீவர் நேரத்துக்கு வரட்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
சிங்காரவேலு.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் தனபாக்கியம் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "இது என்ன, பூராப் பொய்யா எழுதி வச்சிருக்கீங்க?" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், என் பேரில் வருத்தம் வேண்டாம்:

"அண்ணே, ரெண்டு மணின்னு எனக்கு நல்லாத் தெரியும். உங்களுக்குத் தெரியாதுங்கிறதும் தெரியும். தெரிஞ்சுதான் பண்ருட்டிக்கு அனுப்பினேன். நீங்க இருந்தா எம்பொண்ணுக்காக நீங்க பதில் சொல்லிடுவீங்க. எனக்காக ஒரு தடவை சொன்னீங்கள்ல, அது போதும். சிரிச்சதுக்கு மட்டும் மன்னிச்சிடுங்க, அடக்க முடியலை. நிச்சயதார்த்தத்துக்கு அவசியம் வாங்க. முன்னாடி வரிசையில உங்களுக்குத்தான் நாற்காலி. ஆனா சம்பந்தியம்மாகிட்ட நான்தான் பேசுவேன். இன்னொண்ணு. மந்தாரக்குப்பத்துல மரியசெல்வி டீச்சரோட அக்கா சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் நடத்துறாங்க. வடக்கேயிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவங்க பிள்ளைங்க நிறைய, அந்தப் பிள்ளைங்களோட அம்மாங்ககிட்ட பேச ஆள் வேணுமாம். தை மாசத்துலேருந்து நான் போறேன். உங்களைக் கேக்கலை அண்ணே, சொல்றேன். ஐ வில் வொர்க்."

மச்சான், மேலே நான் எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளவும். தை மாதம் எனக்கு ரிட்டயர்மென்ட், அவளுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். அடுப்படியில் சார்ஜ் எடுக்கச் சொல்லி இன்றைக்கே உத்தரவாகிவிட்டது. முருங்கைக்காய் சாம்பாருக்குப் புளி எவ்வளவு கரைப்பது என்று அக்கா மாணிக்கம்மாளைக் கேட்டு உடனே எழுதவும். இங்கே கேட்டால் திருப்பிச் சொல்லச் சொல்கிறாள்.